மக்கிய மூன்று முழம்

தோல்ஷாப்பின் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றபோது சேக் பரீது வீட்டுக்குள் உட்கார்ந்து செருப்புக்கு வார் வெட்டிக்கொண்டிருந்தான். ஆடிக் காற்று பேகம்பூர்த் தெருப் புழுதியை எல்லாம் அள்ளி வந்து வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த முற்பகல் நேரம். காரிலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் பரீதின் மனைவி நர்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்காமல் அவள் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. வந்தவன் மானேஜர் ஞானராஜ். எட்டு மாதத்துக்கு முன்னால் பரீதைத் திருடன் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கியவன்.

அவன் கையில் பித்தளை ரீல் ஒன்று இருந்தது. பரீதுக்குப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. தோல் பதனிடும் அந்தத் தோல்ஷாப்பை முன்பு நடத்திய வெள்ளைக்காரத் துரையின் தூண்டில் நூல் சுற்றும் ரீல் அது. துரை ஐம்பத்தேழில் ஊரைவிட்டுப் போகும்போது கம்பையும் ரீலையும் பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அது புழு குத்திப் பிடிக்கிற தூண்டில் இல்லை. கொடைக்கானல் மலை ஓடைகளில் டிரவுட் மீனுக்குப் போடுவது. முள்ளில் இறகைக் கட்டி ஈ மாதிரி செய்திருப்பார்கள். ஈக்குக் கனம் கிடையாது, நூலின் கனத்தில்தான் அது பறந்து போய் விழ வேண்டும். விழுந்த பிறகு நூல் தண்ணீரில் மிதக்க வேண்டும். அதற்காகப் பட்டில் பின்னி, ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய நூல். இரண்டு முனையும் மெலிந்து நடுவில் பருத்திருக்கும், மொத்தம் அறுபது முழம். ஒவ்வொரு தடவை நனைந்த பிறகும் அதை ரீலிலிருந்து கழற்றிக் காயவைத்து, துடைத்து, கொழுப்புத் தடவி வைக்க வேண்டும். இல்லையென்றால் பிசுபிசுத்துவிடும், அல்லது மக்கிவிடும். தோலுக்கு எண்ணெய் போடும் பிரிவில் பரீதின் கைப்பக்குவத்தைப் பார்த்துவிட்டுத் துரை அந்த வேலையை அவனிடம் கொடுத்திருந்தார். ஒன்பது வருடம் திங்கள்கிழமை தோறும் அவன் அதைச் செய்தான்.

ஞானராஜ் ரீலை நீட்டினான். இன்னும் பன்னிரண்டு நாளில் மெட்ராஸிலிருந்து கம்பெனி டைரக்டர் வருகிறார், மலைக்குப் போய் மீன் பிடிக்க ஆசைப்படுகிறார், நூல் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடக்கிறது, சரி செய்ய வேண்டும் என்றான். வேறு ஆள் கிடைத்திருந்தால் இந்தப் படி ஏறியிருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னான்.

பரீது வாரிலிருந்து கத்தியை எடுக்கவில்லை.

"திருடன் வீட்டுக்கா கொண்டாந்தீங்க?"

ஞானராஜ் நீட்டிய ரீலைத் தரையில் வைத்தான். அவன் பரீதைப் பிடித்ததே இந்த நூலுக்கான கொழுப்பை வைத்துத்தான். பரீது கசாப்புக் கடையில் ஆட்டுக் கொழுப்பு வாங்கி உருக்கி, தேன்மெழுகு கலந்து ஒரு சிகரெட் டப்பாவில் வைத்திருப்பான். துரை போன மறு வருடம், மார்கழியில் ஒருநாள், கேட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். துரை போன பிறகும் செருப்பு வாருக்குத் தடவ வைத்துக்கொண்ட அந்த டப்பா பரீதின் மடியில் இருந்தது. கம்பெனிக் கொழுப்பைக் கடத்துகிறான் என்று ஞானராஜ் முந்நூறு பேர் முன்னால் அதைப் பிடுங்கினான். கசாப்புக் கடைக்காரரைக் கேளுங்கள் என்று பரீது சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றே சீட்டைக் கிழித்தார்கள். அதற்குப் பிறகு திண்டுக்கல்லில் எந்தத் தோல்ஷாப்பும் அவனை உள்ளே விடவில்லை.

"அந்த டப்பா இன்னும் ஒங்க பீரோவுலதான இருக்கு?" என்றான் பரீது. "அதே கேட்ல, மத்தியானச் சங்கு ஊதி ஆளுக வெளிய வரும்போது, ஒங்க கையால எங் கையில குடுங்க. பெறகு நூலப் பாப்போம்."

ஞானராஜ் ரீலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் டிரைவர் சூசைமாணிக்கத்திடம் டப்பாவைக் கொடுத்தனுப்பினான். பரீது வாங்கவில்லை. டிரைவர் நல்ல மனிதன், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அவனுக்கு மட்டும் நர்கீஸ் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சங்கு ஊதியது. பரீது கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தான். சோற்றுக்கு வெளியே வந்த ஆட்கள் அவனைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். ஞானராஜ் ஆபீசிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே நடந்து வந்து, டப்பாவை அவன் கையில் வைத்தான். வைத்த வேகத்தில் மூடி கழன்று தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க வேண்டியவன் யார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருமே எடுக்கவில்லை. ஞானராஜ் திரும்பிப் போன பிறகு தோல் அலசுகிற ஒருவன் எடுத்துத் துடைத்துப் பரீதிடம் கொடுத்தான்.

டப்பாவுக்குள் கொழுப்பு காறிப்போயிருந்தது. அதை வழித்தெறிந்துவிட்டு, அன்றே புதிதாக உருக்கினான்.

நூலை ரீலோடு விட்டுவிட்டுப் போக ஞானராஜ் சம்மதிக்கவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைத் தொட வேண்டும் என்றான். தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் காரில் வந்தான். வேலை முடிந்ததும் நூலைத் தளர்ந்த வளையங்களாக ஒரு பனங்கூடையில் இட்டு பங்களாவுக்கு எடுத்துப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவந்தான். வெளியே கட்டினால் ஆடிப் புழுதி எண்ணெயில் ஒட்டிவிடும் என்பதால் வீட்டுக்குள்தான் கட்ட வேண்டியிருந்தது. இருந்ததோ ஒரே அறை. அதன் நான்கு சுவரிலும் பரீது மரமுளை அடித்து, நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஆறேழு தடவை இழுத்துக் கட்டினான். நர்கீஸ் அடுப்படிக்குக் குனிந்துதான் போய் வந்தாள். மானேஜர் நாற்காலியில் நூலுக்கு அந்தப் பக்கம், பரீது தரையில் இந்தப் பக்கம்.

முதல் நாள் பழைய எண்ணெயை எடுத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து நூலை ஊறப்போட்டு, பழைய மல் துணியால் முழம் முழமாகத் துடைத்தான். பழுப்பாக அழுக்கு வந்துகொண்டே இருந்தது. பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி முளைகளில் கட்டினான். காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நூலை ஓடவிட்டான். பதினைந்தாவது முழத்தில் விரல் நின்றது. அங்கிருந்து மூன்று முழம் நூல் சொரசொரப்பாக இருந்தது. பின்னலுக்குள் கறுப்பாகப் பூசணம் ஏறியிருந்தது.

பரீது அந்த இடத்தின் இரு பக்கமும் சிவப்பு நூல் ஒன்றை அடையாளம் கட்டினான்.

"இந்த எடம் மக்கியிருக்கு. தொரை போன பெறகு யாரோ இத நனைச்சிருக்காங்க. காயப்போடாமச் சுத்தி வச்சிருக்காங்க."

ஞானராஜின் முகம் கறுத்தது. கம்பும் ரீலும் இருந்த பங்களா பீரோவின் சாவி அவனிடம்தான் இருந்தது. துரை போன சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வடமதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க்குக் கம்பை எடுத்துக்கொண்டு போய் வீசிப் பழகப் பார்த்திருந்தான். நூல் முதுகிலும் சட்டையிலும் சுற்றிக்கொண்டது. கரையில் மாடு மேய்த்தவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் ஈரத்தோடேயே சுற்றிக்கொண்டு வந்து பீரோவில் போட்டவன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கூடப் போன சூசைமாணிக்கத்துக்கு மட்டும் இது தெரியும். டிரைவர் இப்போது வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் தொடவில்லை, நீ ஒன்பது வருடமாகப் போட்ட எண்ணெயின் லட்சணம் இது என்றான் ஞானராஜ்.

பரீது சிவப்பு நூலின் முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கினான்.

அடுத்து எண்ணெய். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, ஒரு தடவை இழுத்து, காய்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுத்தான். கொஞ்சம் கூடிவிட்டாலும் மறுபடி ஒட்டும். அது நன்றாகக் காய்ந்தால்தான் அடுத்த பூச்சு. நான்கு பூச்சுக்கு எட்டு நாள் பிடித்தது. அந்த எட்டு நாளும் அந்த அறையில் இருந்த பகையை நர்கீஸ் பிறகு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மானேஜர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவள் வேண்டுமென்றே மிளகாய் வறுத்தாள். அவன் தும்முவானே தவிர எழுந்திருக்க மாட்டான். தாகத்தில் தொண்டையைச் செருமுவான், தண்ணீர் கேட்க மாட்டான். அவளும் கொடுக்க மாட்டாள். டிரைவருக்கு மட்டும் செம்பில் தண்ணீர் போகும். அவன் அதைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் தவிப்பான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பரீது நூலைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்த ஞானராஜ் திடீரென்று பேசினான்.

"பதினோரு வருசம் அந்தத் தொரைக்கு டைப் அடிச்சேன். இங்கிலீசு தெரிஞ்சவன் நான். ஓடைக்குப் போனா எங் கையில வலையக் குடுத்துத் தூக்கிட்டு வரச் சொல்லுவான். இந்தக் கம்ப ஒரு நா தொட விடல. ஒன்னையக் கூப்பிட்டு நூலக் குடுத்தான்."

"அதுக்கு எஞ் சீட்டக் கிழிச்சா சரியாப் போச்சா?"

ஞானராஜ் எழுந்து நின்றான். அடிப்பான் என்றுதான் நர்கீஸ் நினைத்தாள், கையிலிருந்த கரண்டியோடு முன்னால் வந்தாள். அவன் அடிக்கவில்லை. நூலில் இடிக்காமல் குனிந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தான்.

கடைசி நாள் பரீது நூலுக்குக் கொழுப்புத் தடவினான். விரல் நுனியில் கடுகளவு எடுத்து, கைச்சூட்டில் இளக்கி, முனையிலிருந்து முனைவரை தேய்த்து, துணியால் மெருகேற்றினான். நூல் தேன் நிறத்தில் வழுவழுவென்று வந்தது. ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையைப் போட்டுக் காட்டினான். மிதந்தது. மக்கின இடமும் மற்ற இடம் மாதிரியே பளபளத்தது. சிவப்பு அடையாளம் இல்லையென்றால் அவனாலேயே கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ரீலில் சுற்றும்போது அவன் கையை நிறுத்தினான்.

"ரெண்டு மொனையும் ஒண்ணுபோலத்தான். தலைமாத்திச் சுத்துறேன். மக்கின எடம் ரீலுக்கு அடியில போயிரும், வெளியவே வராது. நல்ல பக்கம் மீனுக்குப் போகட்டும்."

இரண்டு விரலில் நூலைப் பிடித்துக்கொண்டு ஞானராஜ் அவனையே பார்த்தான். நூலைத் தலைகீழாகச் சுற்றுவதை அவன் கேள்விப்பட்டதே இல்லை. டைரக்டர் முன்னால் தன்னைக் கோமாளியாக்க இவன் ஏதோ செய்கிறான் என்று பட்டது. ஒப்புக்கொண்டால் நூல் மக்கியிருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், பீரோவிலிருந்து எடுத்தது யார் என்ற கேள்வியும் வரும். அடையாளத்துக்கு இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தான். தாங்கியது. சிவப்பு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான்.

"தொரை எப்பிடி வச்சிருந்தாரோ அப்பிடியே சுத்து."

"சும்மா இழுத்தாத் தாங்கும். மீன் வெட்டி இழுத்தாத் தாங்காது."

"சொன்னதச் செய்."

பரீது செய்தான். பழைய முனை வெளியே வரும்படி, ஒரு சுற்று மேல் ஒரு சுற்று ஏறாமல், அழகாகச் சுற்றிக் கொடுத்தான். ஞானராஜ் வாங்கிக்கொண்டு போனான்.

கார் தெருமுனை திரும்பிய பிறகு நர்கீஸ் சுவரிலிருந்து மரமுளைகளைப் பிடுங்கத் தொடங்கினாள். இரண்டைப் பிடுங்கிவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"அந்தாளுக்கு எந்த மொன எதுன்னு தெரியவா போகுது? நீங்களே மாத்திச் சுத்திருக்கலாமே."

"சுத்திருக்கலாம்," என்றான் பரீது. கைகளைச் சாம்பல் போட்டுக் கழுவினான். அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் தொழுது முடித்த பிறகும் அவன் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மலையில் நடந்ததை நான்கு நாள் கழித்துச் சூசைமாணிக்கம் வந்து சொன்னான். டைரக்டர் நன்றாக வீசத் தெரிந்தவர். நூல் அருமையாக மிதக்கிறது என்று இரண்டு முறை பாராட்டினாராம். பாராட்டு கேட்டு ஞானராஜ் சிரித்துக்கொண்டே நின்றானாம். பாறைக்கடியிலிருந்து ஒரு பெரிய மீன் எழும்பி ஈயைக் கவ்வியது. ரீல் சுழன்றது. கம்பு வில்லாக வளைந்தது. அடுத்த நிமிடம் நிமிர்ந்துவிட்டது. டைரக்டர் மிச்ச நூலை இழுத்து, மக்கி அறுந்த முனையைப் பார்த்தார். இந்த நூலுக்கு எண்ணெய் போட்டது யார் என்று கேட்டார். வேலையை விட்டு நீக்கின ஓர் ஆள், வஞ்சம் வைத்துச் செய்துவிட்டான் என்றான் ஞானராஜ். எதற்காக நீக்கினாய் என்றார். திருட்டு என்றான். திருடன் என்று நீக்கினவனிடம் இந்த நூலை ஏன் கொடுத்தாய் என்று அவர் கேட்டார். எல்லாவற்றையும் எழுதி மெட்ராஸுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பகலிலேயே மலையிறங்கிவிட்டார்.

டிரைவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பரீதின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது வந்ததை நர்கீஸ் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஞானராஜ் தனியாக நடந்து வந்தான். கையில் டைப் அடித்த காகிதம். தமிழில்தான் இருந்தது. தவறுதலாக வேறு எண்ணெயைப் போட்டுவிட்டேன், அதனால் நூல் கெட்டுவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று பரீது எழுதித் தருவதாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் திங்கள்கிழமை முதல் பழைய வேலை, பழைய பிரிவு, திருட்டுக் குறிப்பையும் எடுத்துவிடுகிறேன் என்றான். கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. இரண்டு நாள் தூங்காத கண்ணோடு காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

நர்கீஸ் அடுப்படியில் அசையாமல் நின்றாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வைத்ததில்லை. அவள் வாயைத் திறந்து போடுங்கள் என்று சொல்லவில்லை. போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

பரீது காகிதத்தை இரண்டு தடவை படித்தான்.

"எண்ணெய்ல தப்பு இல்ல. அத மட்டும் நான் எழுத மாட்டேன்."

"வேற என்ன எழுதுவ?"

"மக்கியிருக்குன்னு சொன்னேன். தலைமாத்துறேன்னு சொன்னேன். வேணாம்னீங்க. அத எழுதுறேன்."

ஞானராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். குரல் தாழ்ந்துபோயிருந்தது.

"எனக்குத் தெரியாம நீயே மாத்திச் சுத்திருக்கலாம். ஒரு நிமிசம் ஆகாது ஒனக்கு. அறுந்துரும்னு தெரிஞ்சேதான் எங் கையில குடுத்த."

ரீலைச் சுற்றிக் கொடுத்த அன்றிலிருந்தே பரீது இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"ஆமா," என்றான். "தெரிஞ்சேதான் குடுத்தேன். அந்தக் கேட்ல நான் திருடலன்னு ஒங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான எஞ் சீட்டக் கிழிச்சீங்க?"

ஞானராஜ் காகிதத்தைத் திரும்ப வாங்கினான். மடித்தான், மறுபடி மடித்தான். அதைச் சட்டைப்பையில் வைத்தான். வாசலில் நின்று செருப்பை மாட்டும்போது அவன் கை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டது. அவனைத் திட்ட வேண்டும் என்று எட்டு மாதமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்த நர்கீஸ் அவன் போகும்வரை பேசாமல் நின்றாள்.

பிறகு அவள் கணவனிடம், வேலை போனதற்கு எனக்கு வருத்தமில்லை, நீங்களும் அந்தாள் மாதிரி ஆகிவிட்டீர்களே என்றுதான் வருத்தம் என்றாள்.

மெட்ராஸுக்கு ஞானராஜ் என்ன எழுதினான் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் மானேஜராகவே இருந்தான். டைரக்டர் மறுபடி மீன் பிடிக்க வரவில்லை. ஆனால் கேட்டில் மானேஜரே இறங்கி வந்து டப்பாவைக் கொடுத்ததை முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். அந்தப் பேச்சு மற்றத் தோல்ஷாப்புகளுக்கும் போயிருந்தது. ஐப்பசியில், வடமதுரை ரோட்டில் புதிதாகச் சின்னத் தோல்ஷாப்பு போட்ட நைனா முகமது பரீதைக் கூப்பிட்டு அனுப்பி, எண்ணெய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திருட்டைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

அடுத்த வருடம் சித்திரையில் பரீது ஆட்டுத்தோல் பார்க்க ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பினான். திண்டுக்கல் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸில் ஏறியபோது ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அதில் உட்காரப் போனவன், பின்னாலேயே ஏறிய ஞானராஜைப் பார்த்து நின்றுவிட்டான். கம்பெனிக் கார் பட்டறையில் கிடந்ததாம். ஞானராஜும் அந்த இடத்தைப் பார்த்தான், பரீதைப் பார்த்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் யாராவது உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். இருவரும் கேட்காததுபோல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். வெயில் ஏறி, சட்டை முதுகில் ஒட்டியது. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியபோது இருவர் தோளும் உரசின. ஒட்டன்சத்திரம் வரை அவர்கள் அப்படியே நின்றுகொண்டு போனார்கள்.